நாலு கிலோ கட்டி, ஒரு வலியும் இல்லை: தெரியுமா?

வயிற்றுக்குள் நாலு கிலோ புற்றுநோய்க் கட்டியைச் சுமந்துகொண்டு, ஒரு வலி மாத்திரைகூடப் போடாமல், ஒருவர் தினமும் ஆபீஸ் போய்வர முடியும். தெரியுமா? பேன்ட் இடுப்பில் பிடிக்கும். பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போடுவார். ‘தொப்பை போட்டாச்சு’ என்று வீட்டில் கேலி நடக்கும். காலையில் நடை, ராத்திரி சப்பாத்தி என்று ஆரம்பித்தால் கையும் காலும் மெலியும், வயிறு மட்டும் மெலியாது. கடைசியில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் விஷயம் வெளியே வரும்: ஒரு பக்கத்துச் சிறுநீரகம் தன் இடத்தில் இல்லை, நடுக்கோட்டுப் பக்கம் தள்ளப்பட்டுக் கிடக்கிறது, அது இருந்த இடத்தில் 20 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது!

20 சென்டிமீட்டர் என்பதை மிகை என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 8 மருத்துவமனைகள் சேர்ந்து, 2002 முதல் 2011 வரை இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 1,007 பேரின் விவரங்களைத் தொகுத்தன. கட்டிகளை அளவுப்படி வரிசையாக வைத்தால் நட்டநடுவில் நிற்கும் கட்டியே சுமார் 20 செ.மீ.! உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 4 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். 20 கிலோவைத் தாண்டிய கட்டிகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இவ்வளவு பெரிய சமாச்சாரம் சத்தம் போடாமல் வளர முடிவது எப்படி? இடம் அப்படி. நம் குடலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது, பெரிட்டோனியம் என்பார்கள். அந்த உறைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒரு பெரிய வெளி. சிறுநீரகங்கள், கணையம், முன்சிறுகுடல், பெருந்தமனி, கீழ்ப்பெருஞ்சிரை, சிறுநீர்க் குழாய்கள், காலுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் அங்கேதான். நடுவில் இருப்பதெல்லாம் கொழுப்பு. அங்கே எலும்புக் கூண்டு கிடையாது, இறுக்கிப் பிடிக்கச் சுவர் கிடையாது. கட்டி வளர வளரக் குடலும் சிறுநீரகமும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகின்றன. ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது; இந்த நோய்க்கென்று ரத்தத்தில் பார்க்கும் அடையாளப் பொருள் எதுவும் கிடையாது. பெரும்பாலோர் டாக்டரிடம் வருவது வயிறு நிரம்பின மாதிரி இருக்கிறது, கால் மரத்துப்போகிறது என்ற புகாரோடு.

இதன் பெயர் ரெட்ரோபெரிட்டோனியல் சார்கோமா. கொழுப்பு, தசை, நரம்பு உறை போன்ற மென்திசுக்களில் பிறக்கும் புற்றுநோய்களுக்கு சார்கோமா என்று பொதுப்பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்கள் 100-ஐ எடுத்தால் இந்த மென்திசு வகை ஏறக்குறைய 1. அந்த ஒன்றிலும் 10 முதல் 15 சதவீதம்தான் வயிற்றின் பின்பகுதியில் வருவது. அமெரிக்கக் கணக்குப்படி 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு. ஒரு சாதாரண ஊரில் இருக்கும் நல்ல கைராசியான சர்ஜன், தன் வாழ்நாளில் இதை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருப்பார். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இன்னொன்று. இந்த நோயின் முதல் பதிவு என்று மருத்துவர்கள் காட்டுவது 1761-ம் ஆண்டை! இத்தாலியின் படுவா நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் மொர்கானி, சுமார் 700 பிரேதப் பரிசோதனைகளை வைத்து ஒரு மாபெரும் புத்தகம் எழுதினார். நோய் என்பது உடம்பு முழுக்க ஓடும் நீர்களின் கோளாறு என்று உலகம் நம்பிய காலத்தில், ‘இல்லை, அதற்கு ஓர் இடம் உண்டு, அறுத்துப் பார்த்தால் தெரியும்’ என்றவர் அவர். அந்தப் பரிசோதனைகளில் ஒன்றில், ஒரு பெண்ணின் வயிற்றின் பின்பகுதியில் பெரிய கொழுப்புக் கட்டி இருந்ததை எழுதிவைத்தார். புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 79!

கொழுப்புக் கட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நோயில் அதிகமாக வருவது லிப்போசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்புவது. அதிலும் ‘நன்கு முதிர்ந்த’ ரகம் ஒன்று இருக்கிறது. அதை வெட்டி மேஜையில் வைத்தால் சாதாரணக் கொழுப்பு மாதிரியே இருக்கும். அதே மஞ்சள், அதே வழவழப்பு. கையில் தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது. நுண்ணோக்கியில்கூடச் சில சமயம் ஏமாற்றிவிடும். அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? 12-வது குரோமோசோமைப் பார்க்க வேண்டும்! அதில் எம்டிஎம்2 என்றொரு மரபணு இருக்கிறது. சாதாரண செல்லில் இரண்டே பிரதிகள். இந்தப் புற்றுநோய் செல்லிலோ அது பெருகிப் பெருகி, குரோமோசோம் துண்டு வளையமாகச் சுருண்டு கிடக்கும். புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற புரதத்தை அழிப்பதுதான் எம்டிஎம்2-வின் வேலை. காவல்காரரை ஒழித்துக்கட்டும் மரபணுவை ஒரு செல் கூட்டம் கூட்டமாக அச்சடித்து வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒளிரும் சாயத்தைப் போட்டு அந்தப் பிரதிகளை எண்ணுகிறார்கள். புள்ளி புள்ளியாக நிறையத் தெரிந்தால் முடிவு உறுதி.

இப்போது சர்ஜனின் இடத்தில் நின்று பாருங்கள். வயிற்றைத் திறந்தாயிற்று. உள்ளே மஞ்சள் கொழுப்பு. எங்கே நல்ல கொழுப்பு முடிகிறது, எங்கே புற்றுநோய் ஆரம்பிக்கிறது? கண்ணுக்குத் தெரியாது! முந்தைய தலைமுறை சர்ஜன்கள், கட்டியைச் சுற்றி ஓர் உறை மாதிரி தெரிவதைப் பிடித்து, கையால் உரித்து எடுத்துவிடுவார்கள். முழுசாக வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் அது உறையே இல்லை. கட்டி அமுக்கியதில் நசுங்கிய திசுதான், அதற்குள்ளும் புற்றுநோய் செல்கள் இருக்கும். மாங்கொட்டையை எவ்வளவு சப்பினாலும் நார் ஒட்டிக்கொண்டே இருக்கிற கதை. ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து அதே இடத்தில் திரும்ப வரும்.

இதற்கு மிலானிலும் பிரான்ஸிலும் ஒரு மாற்று வழியை முன்வைத்தார்கள். கட்டியைத் தொடாதே, சுற்றி இருப்பதோடு சேர்த்து எடு! இடது பக்கக் கட்டி என்றால் இடது சிறுநீரகம், இடது பக்கப் பெருங்குடல், பின்சுவர்த் தசையின் மேலுறை அல்லது தசையில் ஒரு பகுதி, தேவைப்பட்டால் மண்ணீரலும் கணையத்தின் வாலும். அவை நோயில்லாமல் நன்றாகவே இருந்தாலும் சரி! ஆரோக்கியமான உறுப்பையே வேலியாக வைத்து வெட்டுவதுதான் தந்திரம். 2009-ல் ஒரே புற்றுநோய் இதழில் இரு குழுக்களின் கட்டுரைகளும் வந்தன. மிலானிலிருந்து அலெஸ்ஸாந்த்ரோ குரோன்கி, பிரான்ஸிலிருந்து சில்வி பொன்வாலோ. பிரெஞ்சுக் குழு 382 பேரைப் பார்த்ததில், கட்டியை மட்டும் எடுத்தவர்களைவிட இப்படிச் சேர்த்து எடுத்தவர்களுக்கு வயிற்றுக்குள் திரும்ப வருவது மூன்று மடங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

உடனே சண்டை கிளம்பியது. நல்ல சிறுநீரகத்தைத் தூக்கிப் போடுவதா என்று அமெரிக்க சர்ஜன்கள் பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பழைய கோப்புகளைப் புரட்டி எழுதிய ஆய்வு அது, சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்ததல்ல. எடுத்த சிறுநீரகத்தை வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அதற்குள் நோய் நுழைந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் மனிதன் நிம்மதியாக வாழலாம். இந்தப் புற்றுநோய் இரண்டாவது முறை வந்தால் அந்த நிம்மதிக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. என் மனம் மிலான் பக்கம்தான் சாய்கிறது. இன்று அட்லாண்டிக்கின் இரு கரை சர்ஜன்களும் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்து கூட்டு வழிகாட்டிகள் எழுதுகிறார்கள். சிறுநீரகத்தையும் பெருங்குடலையும் எடுப்பதில் தயக்கம் வேண்டாம். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், காலுக்குப் போகும் பெரிய நரம்பு இவற்றை நோய் உள்ளே புகுந்திருந்தால் ஒழியத் தொடாதே என்பது சாரம்.

ஆபரேஷனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமா? அது தியேட்டரில் தொடங்குவதில்லை. முதலில் ஐசோடோப் ஸ்கேன் எடுத்து, இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியாக எத்தனை சதவீத வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். மிஞ்சப் போவது சோம்பேறிச் சிறுநீரகமாக இருந்தால் திட்டமே மாறும். மண்ணீரல் போக வாய்ப்பிருந்தால் இரண்டு வாரம் முன்னாலேயே நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள். அந்தக் கிருமிகளைப் பிடிக்கும் உறுப்பே மண்ணீரல்தானே! பிறகு ஊசி பயாப்ஸி. முதுகுப் பக்கமாக, ஓர் ஊசிக்குள் இன்னொரு ஊசியை விட்டுத் திசுவை எடுப்பார்கள். வயிற்றுறையைத் துளைக்காமல் போனால், நோய் செல் உள்ளே சிந்தும் பயம் இல்லை. வயிற்றைத் திறந்து ‘ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம்’ என்பது இந்த நோயில் செய்யக் கூடாத காரியம்.

தியேட்டரில் மார்பெலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை ஒரே நீள வெட்டு. கட்டியை நோக்கி நேராகப் போக மாட்டார்கள். சுற்றியிருக்கும் பெரிய ரத்தக் குழாய்களை முதலில் கைப்பிடிக்குள் கொண்டுவருவார்கள். பெருந்தமனியின் பக்கவாட்டை அதன் மேல்தோல் வரை சுத்தமாகச் சீவி எடுப்பார்கள். சிறுநீரகத் தமனி, பிறகு சிரை, கட்டிப்போட்டு அறுப்பு. வண்ண ரப்பர் வளையங்கள் தொங்கும். காப்பாற்ற வேண்டிய குழாய்க்கும் நரம்புக்கும் அடையாளம். தொடை நரம்பு தசைக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது போனால் நோயாளி முழங்காலை நீட்டி நிமிர்ந்து நடப்பதே சிரமம். ஆறு மணி, எட்டு மணி நேரம் கழித்து எல்லாம் ஒரே பொதியாக வெளியே வரும். அதைத் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். பேத்தாலஜிஸ்ட் அதன் மேற்பரப்பு முழுக்க மை பூசி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு துண்டு என்று எடுப்பார். 30 செ.மீ. கட்டி என்றால் 30 துண்டாவது பார்த்தாக வேண்டும். முக்கால்வாசி மென்மையான ரகமாக இருந்து, ஒரே ஒரு மூலையில் மூர்க்கமான ரகம் பதுங்கியிருக்கும். நோயாளியின் எதிர்காலம் அந்த மூலையில்தான் இருக்கிறது!

இருநூறு வருஷம் பின்னால் போனால் இன்னும் மயிர்க்கூச்செறியும். 1809 டிசம்பர். அமெரிக்காவின் கென்டக்கி. மயக்க மருந்து வர இன்னும் 37 வருஷம் இருக்கிறது. வயிறு புடைத்த ஒரு பெண், 60 மைல் குதிரையில் உட்கார்ந்து டாக்டர் எஃப்ராயிம் மெக்டவல் வீட்டுக்கு வருகிறார். அவர் வீட்டிலேயே வைத்து வயிற்றைத் திறந்து 10 கிலோ கட்டியை 25 நிமிஷத்தில் எடுக்கிறார். அந்த அம்மா பைபிள் சங்கீதங்களைப் பாடிக்கொண்டே வலியைத் தாங்குகிறார். அது சார்கோமா அல்ல, சினைப்பைக் கட்டி. ஆனால் வயிற்றைத் திறந்து பெரிய கட்டியை எடுத்தும் மனிதர் பிழைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அதுதான். அந்தப் பெண் அதன்பிறகு 32 ஆண்டுகள் இருந்தார்!

சரி, திரும்ப வருவது. இந்த நோயின் உண்மையான வில்லத்தனம் அதுதான். முதலில் சொன்ன 1,007 பேரும் உலகின் தேர்ந்த கைகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களிலேயே 5 வருஷத்துக்குள் சுமார் 26 சதவீதம் பேருக்கு அதே வயிற்றில் திரும்ப வந்தது. 10 வருஷத்தில் 35 சதவீதம். மார்பகப் புற்றுநோயிலோ குடல் புற்றுநோயிலோ ‘அஞ்சு வருஷம் தாண்டிட்டா கவலையில்லை’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே அந்தப் பேச்சு செல்லாது. மென்மையான கொழுப்பு ரகம் 10, 15 வருஷம் கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். ஆயுள் முழுக்க ஸ்கேன்தான். தசையிலிருந்து வரும் லியோமயோசார்கோமா வேறு குணம். அது பழைய இடத்தை விட்டுவிட்டு நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பயணம் போய்விடும்.

திரும்ப வந்தால் உடனே அறுத்து எறிய வேண்டாமா? இங்கேதான் ஆச்சரியம்: பல சமயம் சர்ஜன் காத்திருப்பார்! நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், திரும்ப வந்த லிப்போசார்கோமாக்கள் எந்த வேகத்தில் வளர்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். மாதத்துக்கு 0.9 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தவர்களுக்கு ஆபரேஷனால் நல்ல பலன். அதைவிட வேகமாக வளர்ந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்தும் ஆயுள் நீளவில்லை. 2009-ல் வெளிவந்த அந்த ஆய்வுக்குத் தலைப்பிலேயே ‘மாதம் ஒரு சென்டிமீட்டர் விதி’ என்று பெயர் வைத்தார்கள். அதனால் இரண்டு ஸ்கேன் எடுத்து, நடுவில் சில மாதம் விட்டு, கட்டியின் குணத்தைப் படிக்கிறார்கள். வேகமாக ஓடும் கட்டி என்றால் முதலில் கீமோ. அது அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தி. இதை வீட்டாருக்குப் புரியவைப்பது ஆபரேஷனைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். ‘கட்டியை வயித்துல வெச்சுக்கிட்டு மூணு மாசம் சும்மா இருன்னு சொல்றாரே, இவரெல்லாம் ஒரு டாக்டரா?’ என்றுதான் தோன்றும். தப்பில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் சிகிச்சையில் சேர்த்திதான்.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவது மாதிரி இருக்காது. வேலியாக வைத்து வெட்ட உறுப்பு மிச்சமில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே போயாயிற்று. குடல் வளையங்கள் பழைய தழும்பில் ஒட்டிக் கிடக்கும். ஒரே கட்டியாக வராமல் நாலைந்து இடத்தில் முடிச்சு முடிச்சாக வரும். ஒவ்வொரு தடவையும் முழுசாக எடுக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அட்லாண்டிக் கூட்டமைப்பு 2016-ல் திரும்ப வந்த நோய்க்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது இதனால்தான். விதிவிலக்கும் உண்டு. மெதுவாக வளரும் கொழுப்பு ரகத்தில், முழுசாக எடுக்க முடியாவிட்டாலும் பெரும்பகுதியை எடுத்துக் குடலை அமுக்கும் பாரத்தைக் குறைத்தால், நோயாளி நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறார். மற்ற புற்றுநோய்களில் ‘பாதி எடுத்தால் பாவம்’ என்பார்கள். இங்கே அது சில பேருக்கு வரம்.

உடம்பின் மிகப் பெரிய சிரையிலேயே இந்தப் புற்றுநோய் முளைக்கும், தெரியுமா? கீழ்ப்பெருஞ்சிரையின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. லியோமயோசார்கோமா அங்கிருந்து கிளம்பும். 1871-ல் பெர்ல் என்பவர் இதை முதலில் விவரித்தார். அறுத்தெடுக்க முயன்றது 1928-ல், மெல்கியோர். இன்று சிரையின் ஒரு துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, செயற்கைக் குழாய் வைத்துத் தைக்கிறார்கள். சிலருக்கு அதுவும் வேண்டாம். கட்டி மெதுவாகச் சிரையை அடைத்துக்கொண்டே வந்ததில், ரத்தம் தானாகவே பக்கத்துச் சின்னச் சிரைகள் வழியாக மாற்றுப்பாதை போட்டிருக்கும்! சிரையைக் கட்டிவிட்டாலும் கால் பெரிதாக வீங்காது.

கத்தி எட்டாத இடத்தில் கட்டி இருந்தால்? உறுப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டியதுதான்! இது கதையல்ல. 1988-ல் ஜெர்மனியின் ஹானோவரில் ருடால்ஃப் பிக்ல்மையர் ஒரு கல்லீரலை உடம்புக்கு வெளியே எடுத்து, மேஜையில் வைத்துக் கட்டியை நீக்கி, திரும்ப உள்ளே வைத்துத் தைத்தார். 2008-ல் மயாமியில் டாக்டர் தோமோவாக்கி கதோ ஒருபடி மேலே போனார். குடலுக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் தரும் தமனிகளை லியோமயோசார்கோமா சுற்றிப் பின்னிக்கொண்ட ஒரு 63 வயதுப் பெண்ணுக்கு இரைப்பை, கணையம், மண்ணீரல், கல்லீரல், சிறுகுடல், பெருங்குடல் என்று ஆறு உறுப்புகளை மொத்தமாக வெளியே எடுத்தார். கட்டியை அகற்றினார். திரும்ப வைக்க முடிந்ததை வைத்தார். 15 மணி நேரம்! அடுத்த வருஷம் நியூயார்க்கில் 7 வயதுச் சிறுமிக்கு இதே வித்தை, 23 மணி நேரம்! அவளுக்கு வந்தது வேறொரு அரிய மென்திசுக் கட்டி. கல்லீரலும் இரண்டு குடல்களும் திரும்பப் போயின. இரைப்பையும் கணையமும் மண்ணீரலும் போகவில்லை. கணையம் இல்லாததால் இன்சுலினும் செரிமான நொதி மாத்திரையும் நிரந்தரம்.

வெளியே எடுத்த உறுப்பு சாகாமல் இருப்பது எப்படி என்று கேட்பீர்கள். மாற்று உறுப்பு சிகிச்சையிலிருந்து கடன் வாங்கிய வித்தை அது. ரத்தத்தைக் கழுவிவிட்டு, உறுப்புகளைப் பாதுகாக்கவென்றே செய்த குளிர்ந்த கரைசலை உள்ளே ஓட்டி, ஐஸில் 4 டிகிரி சுற்றில் வைப்பார்கள். நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் வெறும் வயிறு காத்திருக்கும். இதில் ஒரு பெரிய லாபமும் உண்டு. உறுப்பு அவருடையதே என்பதால் உடம்பு அதை எதிர்க்காது. ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை தேவையில்லை. ஆனால் ஒன்று: உலகத்திலேயே மிகச் சில கைகள் மிகச் சிலருக்குச் செய்யும் காரியம் இது. யூடியூபில் பார்த்துவிட்டு ‘எங்களுக்கும் அப்படிச் செய்யுங்க’ என்று கேட்கும் சிகிச்சை அல்ல.

இனி வருவது பயங்கரம். கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி என்று சிறு துளை வழியாக ஆபரேஷன் செய்யும்போது, பெரிய திசுவை வெளியே கொண்டுவர மோர்சிலேட்டர் என்றொரு கருவியால் உள்ளேயே துண்டு துண்டாக அரைத்து எடுப்பார்கள். அந்த ஃபைப்ராய்டு உண்மையில் சார்கோமாவாக இருந்தால்? அரைத்த துகள் வயிறு முழுக்கத் தெறித்து, விழுந்த இடமெல்லாம் முளைக்கும்! 2013-ல் அமெரிக்காவில் இது நேர்ந்தது ஒரு டாக்டருக்கே. ஏமி ரீட், மயக்க மருந்து நிபுணர், ஆறு குழந்தைகளின் தாய். அவரும் இதய சர்ஜனான கணவரும் கிளப்பிய போராட்டத்தில் நாடே விழித்தது. ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்கு வரும் 350 பெண்களில் ஒருவருக்கு, தெரியாத சார்கோமா இருக்கலாம் என்று கணித்து, 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. சில மாதங்களில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மோர்சிலேட்டரைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ரீட் 2017 மே மாதம் இறந்தார்.

கதிர்வீச்சு கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்தால் திரும்ப வராதே என்று தோன்றும். அதையும் பார்த்துவிட்டார்கள். 13 நாடுகளில் 266 பேர், சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆபரேஷனுக்கு முன் 28 தவணை கதிர்வீச்சு, மற்றதற்கு நேராக ஆபரேஷன். இத்தனை அரிய நோயில் 266 பேரைச் சேர்க்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது! 2020-ல் முடிவு வந்தது: மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. கொழுப்பு ரகத்தில் மட்டும் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்ற விவாதம் ஓடுகிறது. அடுத்து, ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுத்தால் என்ன என்று இன்னொரு ஆய்வு நடக்கிறது.

கீமோ என்றதும் ஒரு குட்டித் தகவல். சார்கோமாவுக்கு முதலில் கொடுக்கும் டாக்ஸோரூபிசின், இத்தாலியின் ஒரு கோட்டைப் பக்கத்து மண்ணில் இருந்த கிருமியிலிருந்து தொடங்கியது. டிராபெக்டிடின், கரீபியக் கடலில் சதுப்பு மர வேர்களில் ஒட்டி வாழும் ஒரு சிற்றுயிரிலிருந்து. எரிபுலின், ஜப்பானியக் கடல் பஞ்சில் கண்டெடுத்த மூலக்கூறைப் பார்த்துச் செய்தது. மண்ணும் கடலும் சேர்ந்து கொடுத்த மருந்துகள்தான், இருந்தாலும் இந்த நோயில் அவை துணைக்கு நிற்பவையே.

எல்லா மென்திசுக் கட்டியையும் அறுக்க வேண்டும் என்பதும் இல்லை. டெஸ்மாய்டு என்றொரு கட்டி வயிற்றுச் சுவரிலும் குடலைத் தாங்கும் மடிப்பிலும் வரும். வேறு உறுப்புக்குப் பரவாது, ஆனால் அறுத்த இடத்திலேயே பிடிவாதமாகத் திரும்ப வரும். 2018-ல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவுக்கு மருந்து, மறு பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 20 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கிவிட்டது! அதனால் இன்று டெஸ்மாய்டு என்று தெரிந்தால், முதல் சிகிச்சை கண்காணிப்பதுதான்.

முன்னால் ஒரு விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, பெரும்பாலான சர்ஜன்கள் இதை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருப்பார்கள் என்று? பிரான்ஸில் சார்கோமாவுக்கென்றே மருத்துவமனை வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. வயிற்றின் பின்பகுதிச் சார்கோமாவை அந்த மையங்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இரண்டு வருஷம் கழித்து 87 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். வெளியே செய்துகொண்டவர்களில் 70 சதவீதம். அதே நாடு, அதே மருந்து! மையத்துக்கு வந்தவர்களின் நோய்நிலை கொஞ்சம் சாதகமாக இருந்திருக்கலாம் என்று வாதிடலாம்தான். இருந்தாலும் 17 சதவீத வித்தியாசத்தைக் கொடுக்கும் மாத்திரை ஏதாவது வந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்பே தவறு தொடங்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவின் மூன்று பகுதிகளில் 1,463 நோயாளிகளின் ஸ்லைடுகளைச் சார்கோமா நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள். முதல் அறிக்கையோடு முழுசாக ஒத்துப்போனது 56 சதவீதம்தான்! மீதியில் சிலது ரகம் மாறியது, சிலது சார்கோமாவே இல்லை என்றானது. பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்த சின்னக் கட்டிகளாக மருத்துவமனைகள் வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும். நோயாளி எழுதிக் கேட்டால் அதையும் ஸ்லைடுகளையும் வாங்கி, வேறு ஊர் நிபுணருக்குக் கூரியரில் அனுப்பலாம். எம்டிஎம்2 பரிசோதனையை அந்த மெழுகுக் கட்டியிலேயே செய்துவிடலாம், இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதில்லை.